மேற்கே சூலம்

மாட்டுங்கா, மும்பை
18 மே 2025

வந்தனா,

வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்திருக்கிறாய். வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டால் தன்வி எடுத்து, "அம்மா பிஸிப்பா" என்கிறாள். நீ பக்கத்தில் நின்று கையை ஆட்டுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. ஒன்பது வயதுப் பிள்ளையைப் பொய் சொல்ல வைக்க எனக்கு இஷ்டமில்லை. அதனால்தான் இந்த இமெயில்.

தமிழில் எழுதுவதைப் பார்த்து ஆச்சரியப்படாதே. மொழிப்பற்று ஒன்றும் வந்துவிடவில்லை. உன் லேப்டாப்பை அவள் நோண்டுவாள் என்று எனக்குத் தெரியும். இங்கிலீஷ், ஹிந்தி எதில் எழுதினாலும் படித்துவிடுவாள். தமிழ் எழுத்து மட்டும் அவளுக்குத் தெரியாது. விவாகரத்துக்குப் பிறகு நாம் சண்டை போடுவதற்கென்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் முதல் வாரம் உங்கள் ஸ்கூல் மூடுகிறது. கோர்ட் உத்தரவுப்படி கோடை விடுமுறை முழுக்கத் தன்வி என்னோடு இருக்க வேண்டும். போன வருஷம் வைரல் ஃபீவர் என்றாய். அதற்கு முந்தின வருஷம் டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய். இந்த வருஷத்துக்கு என்ன வைத்திருக்கிறாய் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்லது.

குழந்தையை மஸ்கட்டுக்குக் கூட்டிப்போக நீ அனுமதி கேட்ட அன்றைக்கு உன் வக்கீல் எழுந்து நின்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "மும்பைக்கும் மஸ்கட்டுக்கும் நடுவில் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர்கூட இல்லை, யுவர் ஆனர். விமானத்தில் இரண்டே முக்கால் மணி நேரம். இங்கிருந்து புனேவுக்குக் காரில் போகிற நேரம். தகப்பனார் நினைத்தபோது பார்க்கலாம்." ஜட்ஜம்மா தலையை ஆட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்த நானும், நியாயமாகத்தான் இருக்கிறது என்று தலையை ஆட்டினேன். முட்டாள்!

அந்த இரண்டே முக்கால் மணி நேரம் உனக்கு மட்டும் கொடுத்ததா? போகிற பிளேன் திரும்பியும் வருகிறது, வந்தனா. அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அவளை விட்டுவிட்டு என்னால் அங்கே வர முடியாது. குழந்தையை அனுப்பு.

வெங்கடேஷ்


மஸ்கட்
22 மே 2025

வெங்கடேஷ்,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். ஒரு வேண்டுகோள்கூட உங்களுக்குக் குத்தாமல் எழுத வராது.

கிலோமீட்டர் கணக்கை என்னிடம் வைத்துக்கொள்ளாதீர்கள். எங்கப்பா செம்பூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாட்டுங்காவிலிருந்து வந்து எட்டிப் பார்க்க உங்களுக்கு நான்கு நாள் பிடித்தது. சயன் தாண்டினால் செம்பூர். "ஆபீஸ், டிராஃபிக், ஆடிட்" என்றீர்கள். இங்கே எனக்கு டீச்சர் வேலை கிடைத்து, மூன்று பேருமாகப் போகலாம் என்று நான் கெஞ்சியபோது, "அவ்வளவு தூரமா?" என்றீர்கள். தூரம் என்பது உங்களுக்கு எப்போதும் மனசைப் பொறுத்துத்தான் இருந்திருக்கிறது. நீங்கள் போக வேண்டுமென்றால் தூரம், மற்றவர்கள் வர வேண்டுமென்றால் பக்கம்.

ஆனாலும் அனுப்புகிறேன். உத்தரவு இருக்கிறது. அதைவிட, அவள் தினமும் கேட்கிறாள்.

தனியாக வரும் குழந்தைகளை ஏர்லைன்ஸ்காரர்களே கூட்டிவருவார்கள். கழுத்தில் ஒரு பை மாட்டி, அதில் பாஸ்போர்ட்டை வைத்து, இந்தப் பக்கம் நான் கையெழுத்துப் போட்டு ஒப்படைப்பேன். அந்தப் பக்கம் நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்பும்போதும் அதேதான். ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை, மாலை பிளேன். தேதி கோர்ட் உத்தரவிலேயே இருக்கிறது. ஒரு நாள் பிந்தினாலும் நான் கோர்ட்டுக்குப் போவேன். மிரட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

மழையில் நனைய விடாதீர்கள். உங்கள் அம்மா கொடுக்கிற மாவடு அவளுக்குக் காரம். தண்ணீர் குடித்துக் குடித்தே வயிற்றை நிரப்பிக்கொள்வாள்.

வந்தனா


மாட்டுங்கா
28 ஜூலை 2025

வந்தனா,

நேற்று என் நம்பரிலிருந்து உன்னைக் கூப்பிட முடியவில்லை, பிளாக். கீழ்வீட்டு வானமாமலை மாமாவின் போனிலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. தெரியாத நம்பரை நீ எடுக்க மாட்டாய். கடைசியில் எடுத்தபோது தன்வி குரலைக் கேட்டாய், அழுதாய், வைத்துவிட்டாய். என்ன நடந்தது என்று சொல்ல விடவில்லை. எழுதித்தான் தொலைக்க வேண்டும்.

குழந்தை பத்திரமாக இருக்கிறாள். தனியாக வரும் குழந்தைகளுக்கு அடுத்த இடம் புதன்கிழமைதான் கிடைத்தது. புதன்கிழமை வந்துவிடுவாள்.

பிளேன் தவறியது என்னால்தான். பரஸ்தானம் வைத்தேன். உனக்கு விளக்க வேண்டியதில்லை, எங்கள் வீட்டில் இல்லாத வழக்கம் இது, உங்கள் வீட்டு வழக்கம்தான். கல்யாணமான புதிதில் உன் அப்பா ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. கிளம்புகிற நேரம் ராகு காலம். அதனால் வெள்ளிக்கிழமை நல்ல நேரத்திலேயே ஒரு பையைக் கொண்டுவந்து நம் வீட்டு ஷெல்ஃபில் வைத்துவிட்டுப் போனார். "பை கிளம்பிடுத்து மாப்ளே, அப்போ நானும் கிளம்பினாப்பலதான்" என்றார். நான் சிரித்தேன். நீ என்னை முறைத்தாய்.

ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம். அந்தத் திசையில் பிரயாணம் ஆகாது. மஸ்கட் மேற்கே இருக்கிறது. அதனால் வியாழக்கிழமை நல்ல நேரம் பார்த்துத் தன்வியின் பையை வானமாமலை மாமாவிடம் கொடுத்து வைத்தேன். கிளம்பும்போது எடுத்துக்கொண்டு போகலாம் என்று. பையில் பாஸ்போர்ட்டையும் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவும் மாமியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு விக்ரோலியில் பெண் வீட்டுக்குப் போனார்கள். "ரெண்டு மணிக்குள்ள வந்துடறோம்டா" என்றார். பத்து மணிக்கு மழை பிடித்தது. காந்தி மார்க்கெட்டில் இடுப்பளவு தண்ணீர். குர்லாவில் டிரெயின் நின்றுவிட்டது. மாமா போனில், "நான் வந்துண்டே இருக்கேன்டா, தண்டவாளத்துல எறங்கி நடக்கறேன்" என்றார். எழுபது வயசு மனுஷர். வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். விக்ரோலியிலிருந்து மாட்டுங்கா வர அவருக்கு ஆன நேரத்தில் உன் பிளேன் மஸ்கட்டுக்குப் போயே சேர்ந்திருக்கும்.

நாங்கள் ஏர்போர்ட் போய்ச் சேர்ந்தபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். நேற்று மும்பையில் எல்லா பிளேனும் லேட். இந்த ஒரு பிளேன் மட்டும் நேரத்துக்குக் கிளம்பியது.

நம்பு. வேறென்ன சொல்ல?

வெங்கடேஷ்


மஸ்கட்
1 ஆகஸ்ட் 2025

வெங்கடேஷ்,

தன்வி வந்துவிட்டாள். இப்போது என் முறை.

அன்றைக்கு நான் ஏர்போர்ட்டில் நின்ற கதையை நீங்கள் கேட்கவில்லை. அந்த பிளேனில் வந்த அத்தனை பேரும் வெளியே போனார்கள். பெட்டி வந்தது, ஸ்ட்ரோலர் வந்தது, வீல்சேர் வந்தது. தரையைத் துடைக்கிற ஆள் என் காலைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனான். ஏர்லைன்ஸ் பெண் லிஸ்டைப் பார்த்து, "மேடம், குழந்தை போர்டு ஆகவே இல்லை" என்றாள். பிறகு உங்கள் நம்பரை அன்பிளாக் செய்யக்கூட எனக்குக் கை வரவில்லை. நீங்கள் அவளை வைத்துக்கொண்டுவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பரஸ்தானமாம்! என்னிடமேவா? கதை விட்டாலும் சரியாக விடுங்கள். அப்பா மடியில் உட்கார்ந்து பஞ்சாங்கம் பார்த்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம், சரி. அதற்குப் பரிகாரம் ஒரு துண்டு வெல்லம். வாயில் போட்டுக்கொண்டு படியிறங்கினால் தீர்ந்தது. சூலத்துக்காக அப்பா ஒரு நாளும் பரஸ்தானம் வைத்ததில்லை. அப்படியே திசை பார்ப்பதாக இருந்தாலும், மாட்டுங்காவிலிருந்து ஏர்போர்ட் வடக்கே இருக்கிறது. நீங்கள் வடக்கேதான் டாக்ஸி பிடித்தீர்கள். மேற்கே போவது பைலட்டின் பாடு.

அப்பா பையில் என்ன வைப்பார்? ஒரு வேட்டி, ஒரு துண்டு, இரண்டு வெற்றிலை. டிக்கெட்டை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுப்பாரா? பாஸ்போர்ட்டை எவனாவது பரஸ்தானம் வைப்பானா? குழந்தை போகக்கூடாது என்று நினைக்கிறவன்தான் வைப்பான்.

இன்னொன்று. பிளேனைத் தவறவிட்டு வருகிற வழியில் கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி மசால் தோசை சாப்பிட்டீர்களாம். தன்வி சொன்னாள். "அப்பா ரொம்ப குஷ் தா மம்மா, சிரிச்சுண்டே இருந்தா, எனக்கு ஐஸ்கிரீம்கூட வாங்கிக் குடுத்தா" என்றாள். நான் இங்கே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது உங்களுக்குத் தோசை இறங்கியிருக்கிறது.

வக்கீலிடம் பேசிவிட்டேன். இனிமேல் அவள் மும்பைக்கு வரமாட்டாள். பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் மஸ்கட்டுக்கு வந்து பாருங்கள். இரண்டே முக்கால் மணி நேரம்தானே?

வந்தனா


மாட்டுங்கா
21 செப்டம்பர் 2025

வந்தனா,

ஜெயித்துவிட்டாய். உத்தரவு நகல் நேற்று கைக்கு வந்தது. தன்வி இந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. நான் மஸ்கட்டுக்கு வந்து, உன் முன்னிலையில், உன் வீட்டிலோ ஏதாவது ஒரு மாலிலோ அவளைப் பார்க்கலாம். நான் எப்போது வருவேன் என்று உனக்கும் தெரியும். அம்மா இருக்கிறவரை வரமாட்டேன். அம்மா போகட்டும் என்று நான் காத்திருக்க வேண்டும், அப்படித்தானே?

என் வக்கீல் நல்ல மனுஷர். நாசிக் பக்கத்து ஆள். பரஸ்தானத்தைப் பற்றி அவருக்கு ஒரு மணி நேரம் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினார். கோர்ட்டில் எழுந்து இங்கிலீஷில் என்ன சொன்னார் தெரியுமா? நீ வீடியோவில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். "ஜோதிடக் காரணங்களுக்காக, பயணத்துக்கு மூன்று நாள் முன்பு, என் கட்சிக்காரர் குழந்தையின் பாஸ்போர்ட்டை மூன்றாம் நபர் ஒருவரிடம் ஒப்படைத்தார்." ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் அதைக் கேட்டபோது எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஜட்ஜம்மா பேனாவைக் கீழே வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார். கடத்தல்காரனைப் பார்க்கிற பார்வை.

அந்த அறையில் பரஸ்தானம் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் குற்றவாளி. இன்னொருத்தி ஸ்கிரீனில் மைக்கை மியூட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எங்கள் வீட்டில் இப்படி ஒரு வழக்கம் உண்டு, மேடம்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய்.

வெல்லம் கேட்டாய் அல்லவா? வெல்லமும் கொடுத்தேன். அவள் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொரு துண்டை ஃபாயிலில் சுற்றி பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள். சூலத்துக்கு அது போதும் என்று எனக்கும் தெரியும். பரஸ்தானம் சூலத்துக்காக வைக்கவில்லை. போன கடிதத்தில் சொல்ல வெட்கமாக இருந்தது, இப்போது வெட்கப்பட என்ன இருக்கிறது? நீ குழந்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய அன்றைக்கு நாள் பார்க்கவில்லை, நேரம் பார்க்கவில்லை. பஞ்சாங்கம் பார்த்து வளர்ந்தவள், வேண்டுமென்றே ராகு காலத்தில் டாக்ஸி ஏறினாய். போனவர்கள் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து எனக்குப் பயம். உன் அப்பா இன்னொன்றும் சொல்வார்: "நல்ல வேளையில வெளியே போன பை, ஆளைத் திரும்ப ஆத்துக்குக் கூட்டிண்டு வந்துடும்." தீபாவளிக்கு அவள் திரும்பி வர வேண்டும். அதற்காகத்தான் வைத்தேன். வேட்டி துண்டு வைத்தால் போதாது, பாஸ்போர்ட்டையே வைத்தால் கெட்டியாக இருக்கும் என்று நினைத்தேன். புதிதாகக் கற்றுக்கொண்டவன், கொஞ்சம் அதிகமாகச் செய்துவிட்டேன்.

தோசை சாப்பிட்டது நிஜம். சந்தோஷப்பட்டதும் நிஜம். பிளேன் போய்விட்டது என்று தெரிந்ததும் முதலில், நீ அங்கே வந்து நிற்பாயே என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம், மூன்று நாள் கிடைத்ததே என்று இருந்தது. அதற்காகவும் ஒரு தண்டனை உண்டானால் கோர்ட்டில் கேட்டு வாங்கிக்கொள்.

வெங்கடேஷ்


மஸ்கட்
12 அக்டோபர் 2025

வெங்கடேஷ்,

உங்களுக்குப் பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். எழுத வேண்டியதாகிவிட்டது.

கோர்ட்டில் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். உங்கள் வக்கீல் அந்த வாக்கியத்தைச் சொன்னபோதே நீங்கள் சொன்னது நிஜம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பொய் சொல்கிறவன் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பான். புரிந்தும் பேசாமல்தான் இருந்தேன். ஏர்போர்ட்டில் நின்றவள் நான். இன்னொரு தடவை அப்படி நிற்க என்னால் முடியாது. மழையோ, சூலமோ, மாமா வீட்டுப் பூட்டோ, காரணம் எதுவானாலும் எனக்கு ஒன்றுதான். நீங்கள் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லலாம். அம்மாவிடமும் சொல்லுங்கள், அவர்களுக்கு நேரம் போகும்.

இப்போது நீங்கள் செய்து வைத்திருக்கிற காரியத்தைக் கேளுங்கள்.

தீபாவளிக்கு மும்பை போகப்போவதில்லை என்று தன்வியிடம் சொன்னேன். அழவில்லை, கேள்வி கேட்கவில்லை. "சரி" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெள்ளிக்கிழமை எதிர் ஃப்ளாட்டிலிருந்து ரோஷனின் அம்மா கூப்பிட்டாள். ரோஷன் இவள் வகுப்புப் பையன். "வந்தனா, உன் பொண்ணு நேத்து ஒரு பேகைக் கொண்டுவந்து எங்க வீட்ல வெச்சிருக்கா. யாரும் தொடக்கூடாதுங்கறா. என்ன விஷயம்?" என்றாள்.

போய்ப் பார்த்தேன். அவளுடைய நீல ஸ்கூல் பை, அவர்கள் ஷூ ஸ்டாண்டுக்கு மேலே சுவரோடு சுவராகச் சாய்த்து வைத்திருந்தது. திறந்தேன். என் பீரோவிலிருந்து எடுத்த பாஸ்போர்ட். நீங்கள் வாங்கிக் கொடுத்த மஞ்சள் ஃபிராக். ஃபாயிலில் சுற்றின வெல்லம். ஜூலையில் நீங்கள் கொடுத்ததேதான். எறும்பு மொய்க்காமல் இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாளோ.

வீட்டுக்கு வந்து கேட்டேன். ஹோம்வர்க்கிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னாள்.

"பேக் ஆல்ரெடி போயாச்சு மம்மா. அப்போ நானும் போன மாதிரிதான். இனிமே நான் போறதை யாரும் ரோக் பண்ண முடியாது. ஜட்ஜ் ஆன்ட்டியால கூட முடியாது. அப்பா சொன்னா."

"டிக்கெட் யார் வாங்குவா?" என்றேன்.

"பேக் போனா ஆளும் போயிடுவா. உனக்குத் தெரியாதா? உங்கப்பா சொன்னதாமே!"

எங்கப்பா சொன்னதுதான். மும்பை இங்கிருந்து கிழக்கே, கிழக்குச் சூலத்துக்கு வெல்லம் இல்லடி, தயிர் என்று வாய்வரை வந்துவிட்டது. அவ்வளவு கோபத்திலும் அது வருகிறது பாருங்கள், சனியன்.

பரஸ்தானத்தில் இன்னொரு விதி உண்டு. வைத்த பையைத் திரும்பவும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் அந்தப் பிரயாணம் கிடையாது. அப்பா அதில் ரொம்பக் கண்டிப்பு. மறந்துபோன மாத்திரையை எடுக்கக்கூடப் பையைத் திரும்பக் கொண்டுவர விடமாட்டார். இது உங்களுக்கும் தெரியும். அதை அவளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. நல்லதை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, மீதியை என் தலையில் கட்டிவிட்டீர்கள்.

இரண்டு நாள் அந்தப் பை அங்கேயே இருந்தது. பாஸ்போர்ட்டை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். இன்று காலை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர் ஃப்ளாட்டுக்குப் போய்ப் பையை எடுத்து வந்தேன். வாசலைத் தாண்டும்போது, "மம்மா, அதை ஏன் உள்ள கொண்டுவரே?" என்றாள். விதியைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் ஒவ்வொரு வாரமும் ஒரு பை வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

அவள் பையை என் கையிலிருந்து வாங்கினாள். பாஸ்போர்ட்டை எடுத்து என்னிடம் கொடுத்தாள். ஃபிராக்கை மடித்து அலமாரியில் வைத்தாள். வெல்லத்தை மட்டும் கேட்டும் தரவில்லை.

வந்தனா